கொட்டாவி ஏன் தொற்றுகிறது?

ரிவர்ஸ்டன்,
14.8.1990

அன்புள்ள அம்மாவுக்கு,

மகன் நோபர்ட் வணக்கத்துடன் எழுதுவது. மாதாவின் கிருபையால் சுகமாயிருக்கிறேன். உங்கள் இருமல் குறைந்ததா?

ஒருவர் கொட்டாவி விட்டால் பக்கத்தில் நிற்பவருக்கும் ஏன் வருகிறது? ஒரு வாரமாய் இந்தக் கேள்வி என்னை விடவில்லை. எல்லாம் தெரிந்த எங்கள் ஆபீஸ் பெரிய கிளாக்கர் ரபாயேலிடம் கேட்டேன்.

"சோம்பேறிங்களுக்குத்தான் தொத்தும். எனக்கெல்லாம் வராது" என்றார்.

சனிக்கிழமை நானும் அவரும் மாத்தளைக்குப் போகும் வழியில் ராணுவத்தினர் பஸ்ஸை மறித்து எங்களை வரிசையில் நிறுத்தினார்கள். அடையாள அட்டை பார்த்த ஆமிக்காரன் கொட்டாவி விட்டான். உடனே நம் மேதையும் வாயைப் பிளந்தார். தன்னைப் பழிக்கிறார் என்று நினைத்த அந்த மூளைசாலி, அவரை வெயிலில் முழங்காலில் நிறுத்தினான். பயத்தில் ரபாயேலுக்குச் சிங்களம் மறந்துபோயிற்று.

"தம்பி, நீங்களாவது சொல்லுங்க" என்று கெஞ்சினார்.

எனக்குச் சிங்களம் நன்றாக வரும். ஆனாலும் தலையைக் குனிந்துகொண்டேன். மூவரிலும் கேவலமானவன் நான்தான், அம்மா.

பயப்படாதீர்கள், இரண்டு மணி நேரத்தில் விட்டுவிட்டார்கள். குவாட்டர்ஸில் நாங்கள் இருவர்தான். அவர் இப்போது என்னோடு பேசுவதில்லை.

குளிர் அதிகம். பழைய ஸ்வெட்டரை அனுப்புங்கள். விசேஷம் எதுவும் இல்லாவிட்டாலும் நாலு பக்கம் எழுதுங்கள். தபால்காரர் அவசரப்படுத்துகிறார்.

மகன்,
நோபர்ட்