குறுக்குப் பட்டை யாருடைய யோசனை

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே உடம்புக்கு யாருக்கும் ஒன்றுமில்லை, நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். மனசுதான் ஒரு வாரமாக நிலைகொள்ளவில்லை.

அந்தக் கூடைப்பந்து வீரர் பெயரில், நான் தையல் வேலை பார்த்த கம்பெனி போட்ட ஷூ நினைவிருக்கிறதா, நீ நாலாவது படிக்கும்போது ஊரே அதற்காக வரிசையில் நின்றது. முப்பது வருஷம் கழித்து அதையே அச்சு அசலாக மறுபடி கொண்டுவருகிறார்கள். வியாழக்கிழமை இரண்டு அதிகாரிகள் வீட்டுக்கே வந்தார்கள். ஷூவின் வரலாறு புத்தகமாக வருகிறது, இதில் ஒரு கையெழுத்துப் போடுங்கள் என்று தாளை நீட்டினார்கள். கணுக்காலைப் பிடிக்கும் குறுக்குப் பட்டை டிசைன் மேனேஜரின் யோசனை, நான் அவர் சொன்னபடி தைத்தவள் மட்டும் என்று அதில் இருந்தது. உனக்குக்கூட நான் சொன்னதில்லையடி. அந்த வீரருக்கு இடது கணுக்கால் அடிக்கடி பிசகும். மேனேஜர் வரைந்த ஷூவின் உயரமான கழுத்து அவர் காலை அறுத்தது. மூன்றாம் தடவை போட்டுப் பார்க்க வந்தவர் ஷூவைக் கழற்றி மூலையில் வீசினார். நான்தான் எடுத்துப் பின்கழுத்தை இரண்டு விரல் இறக்கி வெட்டி, என் கைப்பை வாரை அறுத்துக் குறுக்கே வைத்துத் தைத்துக் கொடுத்தேன். மாட்டிக்கொண்டு தையல் அறையிலேயே எகிறிக் குதித்தார், மின்விசிறியில் தலை இடிக்கப் பார்த்தது.

கையெழுத்துப் போட மாட்டேன் என்று அனுப்பிவிட்டேன். பையன் அங்கதானே வேலை பாக்கறான், எதுக்கு வம்பு, போட்டுத் தொலைக்க வேண்டியதுதானே என்று உன் அப்பா கத்தினார். உன் அண்ணன் அவர்கள் விட்டுப்போன தாளைப் படித்துவிட்டு, நிஜமாவே நீதானாம்மா என்று கேட்டான். ஆமாம் என்றேன். அதோடு சரி, என்னிடம் பேச்சே இல்லை. இன்று காலை பத்து மணிக்கு அவனை மேலிடத்தில் கூப்பிட்டிருந்தார்கள். அதற்குப் பிறகு போனை எடுக்கவேயில்லை. அப்பா வாசலுக்கும் ஹாலுக்குமாக நடந்தார், நான் கழுவின பாத்திரத்தையே கழுவிக்கொண்டிருந்தேன்.

நாலு மணிக்கு வந்தான். கிடங்குக்கு மாற்றிவிட்டார்களாம். அப்படி என்னதான்டா சொன்னே என்று கேட்டதற்கு, தச்சது மட்டுமில்ல, யோசிச்சதும் எங்கம்மாதான்னு சொன்னேன், எழுதியும் குடுத்துட்டேன் என்றான். அப்பா எழுந்து போய் அவனுக்குத் தட்டு எடுத்து வைத்தார். அந்தக் கட்டடத்தில் ஒருவர் வாய் திறந்து அதைச் சொல்ல முப்பது வருஷம் ஆயிற்று.

என்னைக் கையெழுத்துப் போட வைக்கச் சொல்லிக் கம்பெனிக்காரர்கள் உன்னையும் கூப்பிடுவார்கள், தேனொழுகப் பேசுவார்கள், எதற்கும் தலையாட்டிவிடாதே. கண் டாக்டரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடாதே. இருவரும் மனநிறைவோடு நீண்ட காலம் வாழுங்கள்.

இப்படிக்கு,
உன் அம்மா