இடது கை மட்டும்

பெங்களூர்
14.6.2003

மரியாதைக்குரிய அத்தைக்கு வசந்தா எழுதுவது. உங்கள் மூட்டுவலி குறைந்ததா? என் மகள் அனுஷா அடம்பிடிக்காமல் சாப்பிடுகிறாளா? நான் நலம்.

எங்கள் பாக்டரியில் கொரியாத் துணி, சீனாப் பொத்தான். அமெரிக்காவுக்குப் போகும் அந்தச் சட்டைக்கு இடது கையை மட்டும் நான் தைக்கிறேன். திங்கட்கிழமை மிஷின் ஊசி உடைந்தது. உடைந்த ஊசியின் எல்லாத் துண்டும் கிடைத்தால்தான் சட்டைகள் கப்பலேறும். முனையைக் காணோம் என்று எல்லா மிஷினையும் நிறுத்தித் தேடினார்கள். அது என் விரலுக்குள் இருந்தது.

"நல்லவேளை, சட்டைக்குள்ள போகல!" என்றார் சூப்பர்வைசர் மேடம். சின்னக் காயம்தான், ஆறிவிட்டது.

வேலையை விட்டு வா என்று மட்டும் சொல்லாதீர்கள். முழுச் சட்டையும் தைக்கக் கற்காமல் வரமாட்டேன். முதல் சட்டை அனுஷாவுக்கு. அவள் கை நீளத்தை ஒரு நூலில் அளந்து அனுப்புங்கள். எவ்வளவு வளர்ந்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியவில்லை.

பாக்டரி வண்டி வந்துவிட்டது. நூலை மறக்காதீர்கள்.

வசந்தா