ராசிபுரம் தாண்டினால் நிற்கும் கார்

அன்பு மகள் தனப்பிரியாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சௌக்கியம். நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றில் இருக்கும் சாமியும் டென்மார்க் குளிரில் ஒரு குறையுமில்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கு வைக்கும்போது கேட்டுக்கொள்கிறேன். போனில் என்றால் அப்பா பக்கத்தில் இருக்கிறாரே என்று பாதியை விழுங்கிவிடுகிறேன், அதனால்தான் அங்கே திரும்பிப் போகிற உன் சிநேகிதி சுகன்யாவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

என் தோள்பட்டை வலிக்குப் புதன்கிழமைதோறும் சேலம் ஃபேர்லேண்ட்ஸில் இருக்கும் ஆஸ்பத்திரிக்குப் போய் வருகிறோம். அப்பாதான் நம் பழைய வெள்ளைக் காரை ஓட்டுகிறார். போகும்போது ராசிபுரத்தில் பெட்ரோல் போட்டுக்கொண்டு ஜம்மென்று போகும். திரும்பி வரும்போது ராசிபுரம் தாண்டியதும் இரண்டு முறை திக்கிவிட்டு அப்படியே உட்கார்ந்துவிடும், அரை மணி நேரம் சும்மா விட்டால் ஒன்றுமே நடக்காதது போலக் கிளம்பும். மெக்கானிக் சின்னராஜ் கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார், ஃபில்டரை மாற்றினார், பெட்ரோல் பம்பையும் மாற்றினார். அடுத்த புதனும் அதே இடத்தில் நின்றது.

உனக்கு ஒன்று சொல்லவா, அந்த அரை மணி நேரம் எனக்குப் பிடித்துப் போயிற்று. என்ஜின் ஓய்ந்ததும் இரண்டு பக்கமும் மக்காச்சோளக் காடு சலசலப்பது மட்டும்தான் கேட்கும், தூரத்தில் கொல்லிமலை மேகத்துக்குள் போவதும் வருவதுமாக இருக்கும், எனக்குக் கண் சொக்கும். நீ உன் இஷ்டப்படி கல்யாணம் செய்துகொண்ட நாளிலிருந்து உன் பேரையே எடுக்காத மனுஷன், ஒரு புதன் அங்கே கார்க் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டே, "அங்க இப்ப மணி என்ன இருக்கும்" என்றார். எங்கேங்க என்று கேட்டதற்குக் கைக்கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். இன்னொரு புதன், பனி பெய்தால் நடக்கிறவர்கள் வழுக்கி விழமாட்டார்களா என்று கேட்டார். வீட்டுக்கு வந்தால் மறுபடியும் வாயில் பூட்டு.

போன மாதம் சின்னராஜே எங்களோடு வந்தார். கார் நின்றதும் பெட்ரோல் டேங்க் மூடியைத் திறந்தார், புஸ்ஸென்று காற்றை உள்ளே இழுத்தது, கார் உடனே கிளம்பிவிட்டது. மூடிக்கு உள்ளே பால் கவர் ஒன்று இறுக்கமாக வைத்திருந்தது. மழைத்தண்ணீர் இறங்கிவிடும் என்று உங்கப்பா செய்த வேலை, நான் ஊறுகாய் ஜாடிக்குச் செய்வதைப் பார்த்துக் கற்றுக்கொண்டாராம்! "ஏனுங்க, காத்து உள்ள போனாத்தானுங்க பெட்ரோல் வெளிய வரும், மூடியில இருக்கற ஓட்டைய அடைச்சுப் போட்டீங்களே" என்று சின்னராஜ் சிரித்தார். போகும்போது பங்க்கில் மூடியைத் திறப்பதால் தொந்தரவு தெரியவில்லையாம். எல்லாரும் சிரித்தோம். எனக்கு மட்டும் உள்ளுக்குள் அழுகை வந்தது. இனி கார் நிற்காது, இவரும் உன்னைப் பற்றி வாய் திறக்கமாட்டார் என்று நினைத்தேன்.

அப்புறம் இரண்டு புதன் கார் நிற்காமல் ஓடியது, அவரும் பேசவில்லை. நேற்று ராசிபுரம் தாண்டி அதே இடத்தில் வண்டி ஓரம் கட்டியது. மறுபடியும் நின்னுருச்சாங்க என்று கேட்டேன். "இல்ல, நாந்தான் நிறுத்துனேன்" என்றார். மலையைப் பார்த்துக்கொண்டே, "பாப்பாவுக்கு இது எத்தனாவது மாசம்" என்றார். ஏழு என்றேன். "பொறக்கறப்ப அங்க குளுரு கொறஞ்சிருக்குமா" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை சாமி, நீதான் சொல்ல வேண்டும்.

மாடிப்படியில் பார்த்து இறங்கு, வெறும் வயிற்றோடு வேலைக்குப் போகாதே. மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசீர்வாதம். நல்லபடியாகப் பிள்ளை பெற்று, நூறு வயசு நன்றாக இருப்பாய். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, வருகிற புதன்கிழமை எங்களுக்குச் சாயங்காலம் நாலரை மணி, உனக்கு மத்தியானச் சாப்பாட்டு நேரம் என்று சுகன்யா சொன்னாள், அப்போது என் போனுக்குக் கூப்பிடு. போனை அவர் மடியில் வைத்துவிட்டு நான் இறங்கிக் காட்டோரம் நடந்துகொண்டிருப்பேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
சாரதாமணி