அந்தத் தீவில் கிணறு இருந்ததா?

தேக்கா மார்க்கெட்டில் இன்று ஆலிவ் எண்ணெய் டின் ஒன்றை எடுத்தேன். நெய்க்கு டாக்டர் தடை போட்டுவிட்டார். டின்னில் குட்டித் தீவு ஒன்றின் படம். உடனே உன் குரல்தான் கேட்டது: "டேய், அங்க கெணறு இருந்துச்சா?"

செம்பவாங் கப்பல் பட்டறையில் நாம் கிரேக்கக் கப்பலுக்குப் பெயிண்ட் அடித்தபோது, அதன் சமையல்காரர் தன் முதலாளியின் சொந்தத் தீவைப் போட்டோவில் காட்டி, பெயரைச் சிகரெட் அட்டையில் எழுதித் தந்தார். ஒரே ஆளுக்கு ஒரு தீவு! நான் விடுவேனா? பாலம் தாண்டினால் வரும் ஜொகூரில் அக்கா வீட்டில் கழித்த பத்து நாளைக் கிரேக்கப் பயணமாக்கி, முதலாளி மாளிகைக்கே பெயிண்ட் அடித்து வந்ததாகக் காப்பிக்கடையில் அளந்துவிட்டேன்.

"அண்ணே, பாஸ்போர்ட்ட காட்டுங்க லா!" என்று சிரித்தார்கள். உட்லண்ட்ஸில் என்னை ஜொகூர் பஸ் ஏற்றிவிட்டவன் நீ. "அவன் போனான் லா. நாந்தான் ஏத்திவிட்டேன்" என்றாய். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

அதற்குக் கூலியாகக் கேள்வி கேட்டே கொன்றாய். முதலாளி வாங்குவதற்கு முன் யாருடைய தீவு? துறவிகள், என்றேன். அதற்கும் முன்? கடற்கொள்ளையர். அதற்கும் முன்? ஒரு ராணியின் சீதனம். ஞாயிறுதோறும் தீவின் கதைக்கு நூறு வருடம் கூடியது.

"சுத்தி உப்புத்தண்ணி. இத்தன பேரும் எதக் குடிச்சாங்க?"

"ஒயின்தான்!"

"போட்டோல நின்ன ஆடு?"

அங்கேதான் மாட்டினேன்.

ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோதும், நான் போனேனா என்று நீ கேட்கவில்லை. "இப்பவாச்சும் சொல்லு. கெணறு இருந்துச்சா?" என்றாய். தெரியாது என்று சொல்ல மனசு வரவில்லை. "இருந்துச்சுடா, தேன் மாதிரி தண்ணி" என்றேன். தலையாட்டிக்கொண்டாய்.

டின்னை வைத்துவிட்டு, இன்னும் பர்சிலேயே இருக்கும் அந்தச் சிகரெட் அட்டையோடு நூலகத்துக்குப் போனேன். நானா என்று சிரிக்காதே. அங்கிருந்த பெண் தேடிப் படித்துச் சொன்னாள். ராணியுமில்லை, கொள்ளையருமில்லை. ஆடு மேய்த்த ஒரே குடும்பம். பாறையில் தொட்டி வெட்டி மழைநீர் பிடித்தார்களாம். முதலாளி வந்தபின் படகில் தண்ணீர்.

நேராகக் காப்பிக்கடைக்குப் போய், "நான் அந்தத் தீவுக்குப் போனதே இல்லப்பா" என்றேன். ஒருவரும் நம்பவில்லை.

"சும்மா அடக்கமா பேசாதீங்கண்ணே. உங்க கூட்டாளியே சொன்னாரே!"

உன் சொல்லை என்னாலும் அழிக்க முடியவில்லை. அது என்னோடே இருக்கட்டும். உனக்குச் சேர வேண்டியது இதுதான்: கிணறு இல்லையடா. மழைத்தண்ணீர்தான். ஆடும் அதைத்தான் குடித்தது.