வாய் மூடி, நேராகப் பார்த்து

ஐப்பசி 2, ஞாயிறு

விடாத தூறல். நடவுக்கு ஆள் வரவில்லை. அமெரிக்காவிலிருந்து மகள் ராதா போன். விசாவுக்கு என் போட்டோ உடனே வேண்டுமாம். தையில் அவளுக்குப் பிரசவம், அதற்குள் நான் போய்ச் சேர வேண்டும். அவள் சொன்னவை: வெள்ளைப் பின்னணி. கண்ணாடி கூடாது. கண் திறந்து, வாய் மூடி, நேராகப் பார்த்து.

வாய்தான் சிக்கல். சித்திரையில் முகவாதம் வந்ததிலிருந்து இடது பக்கம் தொங்கல். சரியாகிவிட்டது என்று ராதாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். வீடியோவில் பேசும்போது வலப்பக்கம் மட்டும் காட்டுவேன்.

ஐப்பசி 3, திங்கள்

மகன் செந்திலுடன் பைக்கில் திருத்துறைப்பூண்டி. ஸ்டூடியோக்காரன் நான் சத்துணவுக் கூடத்தில் சோறு போட்ட பிள்ளை. ஏழெட்டு முறை எடுத்தான்.

"வாய நேரா வைங்க டீச்சர்."

"நேராத்தான்பா வச்சிருக்கேன்."

செந்தில் சிரித்துவிட்டான். அப்புறம் வெளியே போய் நின்றுகொண்டான்.

ஸ்டூடியோக்காரனே வழி சொன்னான். வலப்பக்கத்தை அப்படியே எடுத்து இடப்பக்கம் ஒட்டிவிடலாமாம். ஒட்டினான். படத்தில் இருந்தது நான் இல்லை, யாரோ எனக்குத் தங்கை முறை. நன்றாகத்தான் இருந்தாள்.

திரும்பும் வழியில் கடைத்தெருவில் முருங்கைக்காய் விலை கேட்டதோடு சரி.

செந்தில் படத்தை அனுப்பினான். ராதா பதில்: "அம்மா, சூப்பரா இருக்க! பத்து வயசு கொறஞ்சிட்டு."

ஐப்பசி 6, வியாழன்

வெயில். நெல் காயப் போட்டேன். ராதா போன். படம் செல்லாது. திருத்திய படம் என்று கம்ப்யூட்டர் கண்டுபிடித்துவிட்டதாம். உள்ளபடி எடுத்து அனுப்பச் சொல்கிறாள்.

செந்தில் சுவரில் வெள்ளை வேட்டியைக் கட்டி, செல்போனில் எடுத்தான். உதட்டை விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"கைய எடும்மா, கை தெரியுது."

கையை எடுத்தால் இறங்கிவிடுகிறது. இருக்கிறபடி இருக்கட்டும் என்றேன். அனுப்பினான். ராதா பார்த்துவிட்டாள், வாட்ஸ்அப்பில் இரண்டு நீலக் குறி.

ஐப்பசி 8, சனி

படம் தேறிவிட்டது! காலையில் ராதா வீடியோவில் வந்து சொன்னாள். இனி எதற்கு மறைப்பது என்று முழு முகத்தையும் காட்டிப் பேசினேன். அவள் வேறெங்கோ பார்த்தாள். "ஒடம்ப பாத்துக்கம்மா. வைக்கிறேன்."

வைக்கவில்லை. போனைக் கவிழ்த்துப் போட்டுவிட்டாள் போல. இருட்டில் மாப்பிள்ளை குரல்: "அந்த மூஞ்சிய பாத்தா புள்ள பயந்துக்கும்டி."

"ச்சீ, சும்மா இருங்க." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். பிறகு, "எனக்கே பாக்க ஒரு மாதிரிதான் இருக்கு."

நான்தான் சிவப்புப் பொத்தானை அழுத்தினேன். செந்திலிடம் சொல்லவில்லை. புளி ஊறப் போட்டது அப்படியே கிடக்கிறது. பசி இல்லை.

ஐப்பசி 10, திங்கள்

மழை. வாய்க்காலில் தண்ணீர் கரை தொடுகிறது. ராதாவின் குரல் பதிவு: "அம்மா, அவ்ளோ நேரம் ஃப்ளைட்ல ஒக்காந்து வர்றது ஒன் ஒடம்புக்கு ஆவாது. கும்பகோணத்து அத்தைய வரச் சொல்லிட்டோம். நீ பிரசவ லேகியம் மட்டும் கிண்டி அவங்க கையில குடுத்து வுடு. ஒன் கைப்பக்குவம் யாருக்கும் வராது."

சரி என்று அனுப்பினேன். செந்தில்தான் கத்தினான். "ஒன் ஒடம்புக்கு என்ன? கேளும்மா, அவகிட்ட கேளு!" கேட்கத் தேவையில்லை. தெரியும்.

வாங்க: சுக்கு, திப்பிலி, ஓமம், நெய். செந்திலுக்கு ஷேவிங் பிளேடு.

ஐப்பசி 15, சனி

மூட்டம். சம்பந்தியம்மா கும்பகோணத்திலிருந்து காரில். என் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காமலே காபி குடித்தார்.

"ராதா சொன்னத கேட்டு நான் என்னமோ ஏதோன்னு பயந்துட்டேங்க. இவ்ளோதானா?"

தன் விசா படத்தைக் காட்டினார். ஒரே தடவையில் எடுத்ததாம்.

லேகிய டப்பாவைக் கொடுத்தேன். கருப்பட்டி வழக்கமாகப் போடுவதில் கால் பங்குதான் போட்டேன். கசக்கும், தொண்டை வரை கசக்கும். மூடியைத் திறந்து, "ஒரு வாய் ருசி பாக்கட்டுங்களா?" என்றார்.

"வேணாங்க. அது புள்ள பெத்தவளுக்கு."