ஆறாவது ஃபார்வர்ட்

அன்புள்ள தோழிக்கு,

நேற்று சித்தூர் பஸ்ஸில் என் பக்கத்தில் பள்ளிச் சீருடையில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். கையில் ஹாக்கி மட்டை. பிடியில் சுற்றிய துணி வியர்வையில் கறுத்திருந்தது. அந்தப் புளித்த வாடை எனக்கு மறக்கவில்லை. "டிஸ்ட்ரிக்ட் டீம்ல எடுத்துக்கினாங்க ஆன்ட்டி" என்றாள், நான் கேட்காமலே. இந்த வயதில், பெயர் தெரியாத ஒரு பிள்ளையைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. உடனே உன் நினைவு வந்தது. என் வயிற்றெரிச்சலுக்கு முதல் சொந்தக்காரி நீதானே.

நம் மிஷன் பள்ளி அணியில் நாம் இருவருமே ஃபார்வர்ட். ஓரத்தில் ஓடிவந்து எனக்குப் பந்தைத் தள்ளுவது உன் வேலை, கோல் போடுவது என் வேலை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வந்தால் பாஸ்டரம்மா என் கன்னத்தைத் தட்டி எத்தனை கோல் என்று கேட்பார். உன்னை யாரும் எதுவும் கேட்டதில்லை. அப்போதெல்லாம் நீ எனக்கு உயிர்த்தோழி.

எழுபதுகளில் அந்த வருஷம் திருப்பதியில் மாவட்ட அணிக்குத் தேர்வு. இடம் கிடைத்தால் அங்கேயே கல்லூரி, விடுதி. கிடைக்காவிட்டால் டைப்ரைட்டிங் வகுப்பு, அப்புறம் கல்யாணம் என்று நைனா சொல்லியிருந்தார். இரண்டு நாள் ஆடவிட்டார்கள். என்னளவுக்கு யாரும் கோல் போடவில்லை. கடைசியில் ஒரே ஒரு இடம் பாக்கி. தேர்வு செய்த தெலுங்குக்கார மாஸ்டர் என்னைக் காட்டிச் சொன்னார்: "இந்தப் பொண்ணுதான் பெஸ்ட்டு, ஒப்புக்கறேன். ஆனா ஃபார்வர்ட்ல போன வருசத்து ஆளுங்க அஞ்சு பேரும் இருக்காங்க. ஆறாவதா இவள எங்க நிறுத்தறது? பேக் காவாலி. எவரு ஆடுதாரு?"

பின்னால் நின்று தடுக்க ஆள் வேண்டும், யார் ஆடுவீர்கள் என்று கேட்டார். நான் அசையவில்லை. கோல் போடுகிறவள் போய்ப் பின்னால் நிற்பதா? அவராக மனம் மாறி என்னைக் கூப்பிடுவார் என்று நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து நீ கை தூக்கினாய். ஒரு நாளும் பேக் ஆடியிராத நீ.

திரும்பி வரும் பஸ்ஸில், "என்னாடி, பேசாம வந்துக்கினு இருக்கே?" என்றாய்.

"அங்க நிக்கறதுக்கு ஒரு ஆள் வேணும், உன்ன எடுத்துக்கினாங்க. உன் ஆட்டத்தப் பாத்து ஒண்ணும் எடுக்கல."

"தெரியும்டி" என்றாய். சித்தூர் வரும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாய்.

நீ கல்லூரிக்குப் போனாய், திருப்பதியிலேயே பி.டி. டீச்சர் ஆனாய். நான் சித்தூர் ஆபீஸ் ஒன்றில் மற்றவர்கள் எழுதியதை டைப் அடித்தேன். உன்னைப் பற்றி யார் பேச்செடுத்தாலும் "பேக்குக்கு ஆள் இல்ல, அதான்" என்று சொல்லி வைப்பேன். அது உன் காதுக்கும் வந்திருக்கும். ஆனாலும் என் மகள் பிறந்தபோது பழப்பையோடு வந்தாய். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, "அன்னிக்கி நீ கை தூக்குவேன்னு பாத்துக்கினே இருந்தேன்டி. நீ தூக்கல. அப்பறந்தான் நான் தூக்கினேன்" என்றாய்.

"எனக்கு அந்த எடம் வேணாம்னுதான் தூக்கல" என்றேன். பொய். என்னைவிட நன்றாக ஆடியிருந்தால்கூட உன்னை மன்னித்திருப்பேன். எனக்காகக் காத்திருந்தாய் என்பதைத்தான் பொறுக்க முடியவில்லை.

போன மழைக்காலத்தில் உன் அடக்க ஆராதனைக்கு வந்தேன். உன் மாணவிகள் ஆலயத்தில் நாலு வரிசை நிறைய உட்கார்ந்து அழுதார்கள். எனக்கு அழ இத்தனை பேர் வருவார்களா என்றுதான் அங்கேயும் நினைத்தேன்.

உனக்குத் தெரியாத ஒன்றை இப்போது சொல்கிறேன். நீ மாவட்டத்துக்கு ஆடிய முதல் ஆட்டத்துக்கு நான் வந்திருந்தேன். அத்தைக்குக் கை ஒடிந்து புத்தூரில் கட்டுப் போடுகிறார்கள், துணைக்குப் போகிறேன் என்று நைனாவிடம் சொல்லிவிட்டுத் திருப்பதி பஸ் ஏறினேன். நீ தோற்பதைப் பார்க்கத்தான் வந்தேன். முதல் பந்து உன்னைத் தாண்டிப் போய்க் கோலானது. வெட்கமே இல்லாமல் எனக்குள் குளிர்ந்தது. அப்புறம் நம் பெண்கள் இரண்டு கோல் போட்டார்கள். ஆட்டம் முடியப் போகும் நேரத்தில் ஒருத்தி நேருக்கு நேர் வேகமாக அடித்தாள். கோல்கீப்பர் எங்கேயோ விழுந்து கிடந்தாள். மட்டைக்கு எட்டாத பந்துக்கு நீ முழங்காலைக் குறுக்கே கொடுத்தாய். அடிபட்ட சத்தம் எனக்குக் கேட்டது. நீ சுருண்டு விழுந்தாய், பந்து வெளியே போனது. கூட்டம் மூச்சுவிடுவதற்குள் ஒருத்தி கைதட்டினாள். அது நான்தான்.

நீ எழுந்து பார்ப்பதற்குள் போய்விட்டேன். இத்தனை வருஷம் இதைச் சொல்ல வாய் வரவில்லை. பொறாமை இன்னும் அப்படியேதான் இருக்கிறது, அதில் மாற்றம் இல்லை. ஆனால் அன்று அந்த இடத்தில் நான் நின்றிருந்தால் காலை விலக்கியிருப்பேன்டி. அந்தப் பந்து உள்ளே போயிருக்கும்.