யாருக்கும் சொல்லாமல் விமானம் ஏறிய அண்ணாவுக்கு

சுங்குவார்சத்திரம், 1991

என்னிடம்கூடச் சொல்லாமல் போன என் பிரியமான அண்ணா,

உன் மகன் மூர்த்தியும் சவூதிக்குப் போகிறான். ஐ.டி.ஐ. முடித்து, ஒரகடம் பக்கம் ஒரு லேத் பட்டறையில் இரண்டு வருடம் கான்ட்ராக்டில் இருந்தான். நிரந்தரம் ஆகாது என்று சூப்பர்வைசர் கையை விரித்துவிட்டார். சவூதிப் பக்கம் யுத்தம் ஓய்ந்து மறுபடி ஆள் எடுக்கிறார்களாம்.

இதுவும் சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷன் டீக்கடையில் மூன்றாம் மனிதர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. விமானம் ஏறும்வரை சொந்தக்காரர்களிடம் மூச்சு விடக்கூடாது, விட்டால் கண் பட்டு விசா தடைப்படும். நம் பக்கத்தில் எல்லா வீட்டிலும் இதே சட்டம். நீயும் அப்படித்தான் போனாய். அடுத்த தெருவில் பி.ஏ. படித்த தம்பி இருந்தேன். அந்த ஒப்பந்தத் தாளை ஒரு முறை காட்டியிருக்கக் கூடாதா? என் கண் அத்தனை பொல்லாத கண்ணா?

செத்தவன்மேல் வன்மம் கூடாது என்கிறார்கள். ஆறு வருடமாக முயல்கிறேன், முடியவில்லை.

கட்டடச் சாரம் சரிந்து நீ விழுந்ததை, கூட வேலை செய்த யாரோ எழுதியிருந்தார். அனுப்பியவர் முகவரி இல்லாத கடிதம். அதை எடுத்துக்கொண்டு சென்னைக்கு, வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களைக் கவனிக்கும் சர்க்கார் ஆபீசுக்கு ஓடினேன். பாஸ்போர்ட் எண் என்ன, எந்த முதலாளி என்று இரண்டே கேள்விதான் கேட்டார்கள். இரண்டும் தெரியாது என்றேன். கூடப் பிறந்தவன் என்று சொல்லவே கூசியது. அவர்கள் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் உன்னை அங்கேயே புதைத்துவிட்டார்கள்.

அதன்பிறகு உன் வீட்டு வாசலை மிதிக்காதவன், போன ஞாயிற்றுக்கிழமை போனேன். அண்ணி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"உனக்கு யாரு சொன்னது? ஏறின பிறகு சொல்லலாம்னு இருந்தோம்."

"ஏறட்டும் அண்ணி. பாஸ்போர்ட் நம்பரை மட்டும் எழுதிக் குடுத்துட்டு ஏறட்டும்."

அண்ணி உள்ளே போய் மூர்த்தியின் தாள்கள் இருந்த ஒரு மஞ்சள் பையைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார்.

"படிச்சிப் பாரு தம்பி. அன்னிக்கு அவரு தாளையும் இப்படி உன்கிட்ட குடுத்திருக்கணும்."

என்னென்னவோ கேட்கத் தயாராகப் போயிருந்தேன் அண்ணா. பையைப் பிரித்துப் படிக்க உட்கார்ந்துவிட்டேன்.

ஃபிட்டர் வேலை என்று பேசிவிட்டு, தாளில் கூலியாள் என்று போட்டிருந்தான் ஏஜெண்ட். மூர்த்தியைக் கூட்டிக்கொண்டு போய் உட்கார்ந்து மாற்றி வாங்கினேன். போய் இறங்கியதும் பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கி வைத்துக்கொள்வான் என்பதால் எல்லாவற்றையும் மூன்று நகல் எடுத்தோம். ஒன்று அண்ணியிடம், ஒன்று என்னிடம், மற்றது அவனிடம். அசல் தாள்கள் பெட்டிக்குள் போகக் கூடாது, கைப்பையில்தான் இருக்க வேண்டும். அவன் ஆஸ்துமா மாத்திரைக்கு டாக்டர் சீட்டும் எழுதி வாங்கியாகிவிட்டது.

அண்ணி கட்டிவைத்த குழம்புத் தூளில் கசகசா இருந்தது. அங்கே அதைப் போதைப் பொருளாக எண்ணி உள்ளே தள்ளிவிடுவார்கள் என்றேன். "தூளுக்குப் போய் ஜெயிலா சித்தப்பா?" என்று மூர்த்தி சிரித்தான். மறுபடி மிளகாய் வறுத்துக்கொண்டே அண்ணி, என்னைப் பார்க்காமல் கேட்டார்:

"இவ்ளோ தெரிஞ்சவன் ஆறு வருசமா இன்னா பண்ணிக்கினு இருந்தே?"

மிளகாய் நெடியில் எல்லோருக்கும் கண்ணில் தண்ணீர். ஜன்னலைத் திறக்கப் போய்த் தப்பித்தேன். உனக்காவது சொல்ல வேண்டுமே, என்ன சொல்ல?

நேற்று கடைசி விண்ணப்பத்தை மூர்த்தியே நிரப்பினான். ஆபத்து என்றால் இந்தியாவில் யாருக்குத் தகவல் தர வேண்டும் என்று ஒரு கட்டம். என்னைக் கேட்காமலே என் பெயரை எழுதினான்.

இந்த வீட்டுப் பிள்ளை எங்கே இருக்கிறான் என்று தெரியாத நாள் இனி ஒன்றுகூட வராது அண்ணா. அவன் கடிதம் தவறுகிற மாதம், யாரும் சொல்லக் காத்திராமல் நானே விசாரிக்கச் சென்னைக்குக் கிளம்பிவிடுவேன்.

உன் கூடப் பிறந்தவன்,
சண்முகம்